கொடிக்கம்பம் சாய்ந்த கதை

ஹோட்டல் பெட்ஷீட் மடிக்கிற எங்களுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: படுத்து எழுந்தவர்கள், இனிமேல் படுக்கப் போகிறவர்கள். நடுவில் நிற்கிற எங்களை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மேல் ஏதாவது விழ வேண்டும். என்மேல் விழுந்தது. வேலை செய்கிற இடத்தில், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் கையால் அடிபட்டவர்கள் உங்களில் எத்தனை பேரோ தெரியாது. இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. சுனாமிக்குப் பிறகு போர்ட்பிளேர் வந்துவிட்டோம். வீடு பத்துபஸ்தியில். பதினாலு வருஷமாக ஒரு ஹோட்டல் லாண்டிரியில் வேலை. பெயர் கனகா. படிப்பில்தான் எட்டாவது, கவலைப்படுவதில் காலேஜ் முடித்தவள் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

விழுந்த விதம்

எங்கள் லாண்டிரியில் துணி காயவைக்கிற மெஷின் பழுதாகி, அதற்கு ஒரு பார்ட் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தது. எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஹோட்டலுக்குப் பின்பக்கம் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நைலான் கயிற்றில் கொடி கட்டி, நாற்பது ரூம் பெட்ஷீட்டையும் அதில்தான் காயப் போட்டோம். மழை இல்லாத மாதங்களில் அதே பின்பக்கத்துக்குத்தான் தண்ணி டேங்கரும் ரிவர்ஸில் வரும். டிரைவர் ராஞ்சிக்காரத் தம்பி. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டேதான் எப்போதும் ரிவர்ஸ் எடுப்பான்.

அன்றைக்கு அந்தப் பக்கத்து ஆள் சமாதானம் ஆகவில்லை போலிருக்கிறது. டேங்கரின் பின் ஏணி கொடிக்கயிற்றில் மாட்டியது. கயிறு இழுத்தது, கம்பம் சாய்ந்தது, நான் கீழே, என் வலது மணிக்கட்டு கம்பத்துக்குக் கீழே. என்னோடு வேலை செய்கிற மாலதி தீதி, பெங்காலி அக்கா, ஷீட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவள், "ரோகோ, ரோகோ" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து கம்பத்தைத் தூக்கினாள். பத்துப் பதினைந்து ஷீட் என்னை மூடிக்கிடந்தது. முதல் மாடி பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்த கெஸ்ட் ஒருவர், சென்னைக்காரர், எட்டிப் பார்த்தார். பாவம், அக்கறையாகத்தான் கேட்டார்:

"அது எங்க ரூம் பெட்ஷீட்டாம்மா? அப்படின்னா வேற போடச் சொல்லுங்க."

தாமஸ் சாரின் மொழிபெயர்ப்பு

எங்கள் சூப்பர்வைசர் தாமஸ் சார் மலையாளி. நல்ல மனிதர். அவர்தான் ஹோட்டல் வண்டியில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், "சேச்சி, டென்ஷன் ஆகண்டா" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. விழுந்ததை அவர் பார்க்கவில்லை. ஆபீஸில் இருந்தார். நானோ வலியில் ஹிந்தி எல்லாம் மறந்து, "கொடிக்கம்பம் சாஞ்சுருச்சு சார், கொடிக்கம்பம் சாஞ்சுருச்சு" என்று தமிழிலேயே அரற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டாக்டர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். தாமஸ் சார் எனக்காக இங்கிலீஷில் பதில் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். நமக்குக் கொடி என்றால் துணி காயப்போடுகிற கயிறும் கொடிதான், மேலே பறக்கிறதும் கொடிதான். மலையாளிகளுக்கு மேலே பறக்கிறது மட்டும்தான் கொடி. இது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், டாக்டர் என் கையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே ஹிந்தியில் கேட்டதுதான்:

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, இப்பவே எதுக்கு ஜண்டாக் கம்பத்துகிட்ட போனீங்க?"

தாணாவில்

மறுநாள் தாணாவுக்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, வரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ரங்கத் பக்கம் ரோடு வேலைக்குப் போயிருந்தார். மாலதி தீதி ஸ்கூட்டியில் கூட்டிவந்து, காக்கிச் சட்டையைக் கண்டால் தனக்குப் படபடப்பு வரும் என்று வெளியிலேயே நின்றுகொண்டாள். எனக்கு மட்டும் வராதா என்ன. ஹவல்தார் வயசானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். டிரைவர் தம்பி சுவரோரம் நின்று என் கைக்கட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹவல்தார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, "பஹன்ஜி, ஏக் ராஜிநாமா லிக் தோ. பாத் கதம்" என்றார். ஒரு ராஜிநாமா எழுதிக் கொடு, விஷயம் முடிந்தது என்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் கை வலி போய்விட்டது. கை உடைந்ததும் இல்லாமல் வேலையையும் விட வேண்டுமா? இருபது வருஷமாக ஹிந்தி பேசுகிறேன், ஆனால் என்னுடையது மார்க்கெட் ஹிந்தி, பஸ் ஹிந்தி. எனக்குத் தெரிந்த அத்தனையையும் எடுத்து அவர் முன்னால் கொட்டினேன். பதினாலு வருஷம் ஒரு நாள் லேட் ஆனதில்லை, தப்புச் செய்தது டேங்கர், ராஜிநாமா நான் எழுதணுமா, மேனேஜரே கேட்கவில்லை, நீங்கள் யார் கேட்க, நாளைக்கே போய் ஒற்றைக் கையால் மடிப்பேன், எழுத மாட்டேன் என்றால் மாட்டேன். ஹவல்தார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில், "டீக் ஹை, டீக் ஹை" என்று சொல்லி, ரிப்போர்ட் எழுதுகிற பெரிய புத்தகத்தை இழுத்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், எழுதினார். அதில் டேங்கரும் இருந்தது, ஏணியும் இருந்தது, போனும் இருந்தது.

ஜெயித்த பூரிப்போடு வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். மாலதி தீதி ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"அரே கனகா, ஹிந்தியில ராஜிநாமான்னா வேலைய விடறது இல்ல, சமாதானமாப் போயி கேஸ விடறது."

ஹார்லிக்ஸ்

மூன்றாம் நாள் டேங்கர் முதலாளியே வீட்டுக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அரை டஜன் ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டையும் என் கட்டிலோரம் வைத்தார். "தங்கச்சி, கடல் தாண்டி வந்து பொழைக்கிறோம். தமிழாளுங்க நமக்குள்ள கேஸு கீஸுன்னு போனா பாக்கிறவன் சிரிப்பான்" என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இந்தத் தடவை தமிழிலேயே டைப் அடித்திருந்தது, எனக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று. நான் தானாகக் கால் தடுக்கி விழுந்தேனாம், டேங்கருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லையாம்.

"கையெழுத்துப் போட ஏலாதுங்க" என்றேன். எங்கள் வீட்டில் முடியாது என்பதற்கு ஏலாது என்றுதான் சொல்வோம், சிலோனிலிருந்து வந்த பேச்சு. அவருக்கு அது புதுசு. "ஏலமா? ஏலம் எதுக்கும்மா?" என்று கேட்டார். வலது கையில் கட்டு இருக்கிறது, முடியாது என்று விளக்கினேன். "அதுக்கென்ன தங்கச்சி, இடது பெருவிரல் ரேகை போதும்" என்று பையிலிருந்து மை டப்பாவையும் எடுத்தாரே பார்க்கணும். ஹோட்டலுக்குத் தண்ணி இவர் கையில், ஹோட்டலில் என் வேலை. ஆனாலும் ரங்கத்திலிருந்து வீட்டுக்காரர் வரட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். கோபப்படாமல் டீ குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தார்:

"ஹார்லிக்ஸ இன்னும் பிரிக்கலையே தங்கச்சி? அப்படியே இருக்கட்டும், ரேகை வெச்சதும் பிரிச்சுக்கலாம்."

இரண்டு கதவு

பொம்பளைகளுக்கு, சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே, கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று மாலதி தீதிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இழுத்துக்கொண்டு போனாள். சுனிதா என்று ஒரு வக்கீல் பெண் கிடைத்தாள். தெலுங்கு வீட்டுப் பெண், இங்கேயே பிறந்தவள், பக்கத்து வீட்டில் கற்ற தமிழ். ஒரு தாளில் இரண்டு கதவு வரைந்தாள். ஒரு கதவில் ஹோட்டல், இன்னொன்றில் டேங்கர்.

ஹோட்டல் கதவு என்றால் லேபர் ஆபீஸ். வேலை நேரத்தில், வேலை செய்கையில் அடிபட்டதால், தப்பு யாருடையதாக இருந்தாலும் வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. கொடுத்ததை ஹோட்டல் பின்னால் டேங்கர்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம், அது அவர்கள் பாடு. டேங்கர் கதவு என்றால் வண்டி விபத்துக்கென்று இருக்கிற ட்ரிபியூனல். அங்கே டிரைவர் தப்பு என்று நாம் காட்டியாக வேண்டும், சாட்சி வேண்டும். ஆனால் வலி, கை முழுசாகத் திரும்பாமல் போனால் அது, வீட்டு வேலை செய்ய முடியாதது, எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லலாம். டேங்கருக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் பணம் அங்கிருந்து வரும். போலீஸ் கேஸ் தனி. அது டிரைவருக்குத் தண்டனை கொடுக்கிற வழி, என் கைக்கு மருந்து போடுகிற வழி இல்லை. "இந்த ரெண்டு கதவுல ஏதாவது ஒண்ணுலதான் போக முடியும் ஆன்ட்டி. ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணு மூடிரும். நல்லவேளை, தாணாவுல நீங்க எதுவும் எழுதிக் குடுக்கல. குடுத்திருந்தா டேங்கர் கதவுல பெரிய பூட்டு தொங்கியிருக்கும்" என்றாள்.

கவலைப்படுகிறவளிடம் இரண்டு கதவைக் காட்டக்கூடாது. திங்கட்கிழமை ஹோட்டல் கதவுதான் சரி என்று தோன்றும், சாட்சி தேட வேண்டாமே. செவ்வாய்க்கிழமை, நாளைக்கும் அதே ஹோட்டலில்தானே போய் நிற்கணும், அவர்களா என்மேல் இடித்தார்கள் என்று தோன்றும். புதன்கிழமை இரண்டும் வேண்டாம் என்று தோன்றும். வீட்டுக்காரரைக் கேட்டால், "உனக்கு எது தோணுதோ" என்பார். தோன்றாததால்தானே கேட்கிறேன். கட்டுப் பிரித்து, கை பாதிதான் திரும்பும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் டேங்கர் கதவு என்று முடிவெடுத்து ஓடினேன். சுனிதா காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கதவைத் தட்ட சட்டம் ஆறு மாசம் டைம் குடுக்குது ஆன்ட்டி, அதுல அஞ்சு மாசம் நீங்க வாசல்லயே நின்னுட்டீங்க."

மூணாவது ஆள்

பெட்டிஷன் தயாரிக்கும்போது சுனிதா அடிக்கடி, "தேர்ட் பார்ட்டி, தேர்ட் பார்ட்டி" என்றாள். நான் டேங்கர்காரரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஹோட்டல் ஒன்று, நான் இரண்டு, வெளியிலிருந்து வந்தவர் மூன்று. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? கடைசியில் பார்த்தால் அந்த மூணாவது ஆள் நானாம். டேங்கர் முதலாளி ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு, நான் மூன்று.

எனக்கு அது பொறுக்கவில்லை. "அந்த இடத்துல பதினாலு வருஷமா நிக்கிறேன்மா. டேங்கர் நேத்து வந்தது. நான் எப்படி மூணாவது ஆளாவேன்?" என்று கேட்டேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"இன்சூரன்ஸ் பேப்பர்ல அடி வாங்கினவங்கதான் எப்பவும் மூணாவது ஆள், ஆன்ட்டி."

நிமிர்ந்து நின்ற கம்பம்

இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில், 'தேசியக்கொடிக் கம்பம் விழுந்து காயம்' என்று இருக்கிறதாம். தேசியக்கொடிக் கம்பம் விழுந்ததற்குத் தண்ணி டேங்கர் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டிருந்தார்கள். சுனிதா படித்துச் சொன்னாள். "ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க, உங்க ஹோட்டல்ல கொடிக்கம்பம் இருக்கா?" என்றாள். இருக்கிறது. முன்பக்கம், வரவேற்பு வாசலில், வெள்ளை பெயிண்ட் அடித்து, ஒரு கீறல்கூட இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. அவளே வந்து அதைப் போட்டோ எடுத்தாள். பின்பக்கம் வளைந்து போய்க் கிடந்த துணிக்கம்பத்தையும் எடுத்தாள்.

தாமஸ் சாருக்கு முகமே இல்லை. அவர் நல்லது செய்யப்போய் வந்த வினை. "எங்க ஊரில துணி காயப்போடற கயிறு அய. கொடி இல்லா" என்று சுனிதாவிடம் சொன்னார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அவராகவே சொன்னார், தந்தார். ஆனால் அவர் விழுந்ததைப் பார்த்தவர் இல்லையே. டேங்கர்தான் இழுத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னைத் தவிர உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், மாலதி தீதி. அவள் சொன்னால் என் கைக்கு நியாயம், சொல்லாவிட்டால் கொடியேற்றப் போய் விழுந்தவள் என்று கடைசிவரை பெயர். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தாமஸ் சார் வெள்ளைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சேச்சி, ஞங்களுக்கு கொடி என்னு பறஞ்சா அது தன்னே."

தண்ணீர் வராத வாரம்

கேஸ் சாட்சிக்கு வந்தபோது அடுத்த வருஷத்து வெயில் காலமும் வந்துவிட்டது. சாட்சி நாள் குறித்த மறுநாள் டேங்கர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வண்டி ரிப்பேர் என்றார்கள். அதே வண்டி பக்கத்து ஹோட்டலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, நானே பார்த்தேன். வேறு டேங்கர் பிடிக்க மேனேஜர் அலைந்தார். வெயில் காலத்தில் போர்ட்பிளேரில் டேங்கர் தேடுவதும் கல்யாண சீசனில் மண்டபம் தேடுவதும் ஒன்றுதான்.

லாண்டிரி மெஷின் நின்றது. ரூமுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் என்றானது. கெஸ்ட்டுகள் ரிசப்ஷனில் நின்று சத்தம் போட்டார்கள். மேனேஜர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல பண்பான மனிதர். மாலதி தீதியைக் கூப்பிட்டு, அவளுடைய வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்று மட்டும் ஞாபகப்படுத்தினார். அதற்குப் பிறகு மாலதி தீதி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நாங்கள் எதிரெதிரே நின்று ஷீட்டின் இரண்டு முனையையும் பிடித்து மடிக்கிறவர்கள். பேசாமல் மடித்தால் அந்த வேலை எவ்வளவு நீளம் என்று மடித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது. சாட்சிக்கு வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடலாமா என்று தினமும் வாயைத் திறப்பேன், கை வலிக்கும், மூடிக்கொள்வேன். கேன்டீனில் சமைக்கிற சுப்பையா அண்ணன், பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாத எரிச்சலில் இருந்தவர், என் தட்டில் சோற்றைப் போட்டபடி சொன்னார்:

"உன் கை ஒண்ணு கனகா, ரூமு நாப்பது. கணக்க நீயே போட்டுக்க."

சாட்சி

சாட்சி நாளில் நானும் வீட்டுக்காரரும் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டோம். மேனேஜர் பின் பெஞ்சில் இருந்தார், டேங்கர் முதலாளிக்குப் பக்கத்தில். மாலதி தீதி வரவில்லை. சுனிதா வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பெயர் கூப்பிடுகிற நேரத்தில் மாலதி தீதி உள்ளே வந்தாள். லாண்டிரி யூனிபார்மிலேயே வந்திருந்தாள். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, அதனால் கேட்கவே இல்லையாம். என் பக்கம் பார்க்காமல் நேராகப் போய் கூண்டில் ஏறினாள். டிரைவர் போனில் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தான், டேங்கர் ஏணி கயிற்றை இழுத்தது, கம்பம் கனகா கையில் விழுந்தது என்று ஹிந்தியில் மூன்றே வரியில் சொல்லி முடித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

உடனே போகவும் செய்தது. இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். "நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்றார். "கொடியில போட்ட ஷீட்டுக்கு இந்தப் பக்கம்." "டேங்கர்?" "அந்தப் பக்கம்." "கனகா?" "அவளும் அந்தப் பக்கம்." அவர் திரும்பி ஜட்ஜ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஆக, உங்களுக்கும் டேங்கருக்கும் நடுவில் ஒரு வரிசை பெட்ஷீட் தொங்கியது. டபுள் பெட் ஷீட். தரை வரைக்கும். அப்படியிருக்க, டிரைவர் கையில் போன் இருந்ததை எப்படிப் பார்த்தீர்கள்?"

சுனிதாவின் பேனா அப்படியே நின்றது. நான் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன், அதுவும் உடைந்த கையால். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். இத்தனை மாதம் அலைந்தது, தாணாவில் கத்தியது, ஐந்து மாதம் வாசலில் நின்றது எல்லாம் ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால் மறைந்துபோகப் போகிறது. மாலதி தீதி மட்டும் நிதானமாக இருந்தாள். பின் பெஞ்சில் இருந்த மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்:

"வக்கீல் சாப், அது எங்க ஹோட்டல் பெட்ஷீட். அதுக்குப் பின்னாடி நின்னா எல்லாமே தெரியும்."

ஜட்ஜ் அம்மா தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. இன்சூரன்ஸ் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தப்பு டிரைவருடையதுதான், கம்பம் துணிக்கம்பம்தான், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. மாலதி தீதியின் ஒப்பந்தத்தையும் மேனேஜர் நீட்டித்தார், இவள் வெளியே போனால் இன்னும் என்னென்ன சொல்வாளோ என்று பயந்திருக்கலாம். என் கை பாதிக்கு மேல் திரும்பாது. மடிக்க முடியும், பிழிய ஏலாது.

மொத்தத்தில், தீர்ப்பால் எனக்கு நஷ்டஈடு வந்தது, சாட்சியால் ஹோட்டலுக்குக் கெட்டியான புது பெட்ஷீட்டுகள் வந்தன, அவற்றின் கனத்தைத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டுக்குப் பழைய வலி மறுபடி வந்தது.